50 டிகிரியில் நொதி இன்னும் வேகமாக வேலை செய்தால், 37 என்ற எண்ணுக்கு என்ன அர்த்தம்?

கேட்டவர் சொன்னதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். உமிழ்நீரில் உள்ள, ஸ்டார்ச்சை உடைக்கும் அமைலேஸ் நொதியை ஸ்டார்ச் கரைசலில் கலந்து, சில குழாய்களை வெவ்வேறு வெப்பநிலையில் வைத்து, அயோடின் தரும் நீல நிறம் எவ்வளவு நேரத்தில் மறைகிறது என்று பார்த்திருக்கிறார். புத்தகம் 37 டிகிரி செல்சியஸ்தான் உகந்தது என்கிறது. அவருக்கோ 50 டிகிரிக் குழாயில் நிறம் முன்னதாகவே போய்விட்டது. தன் சோதனை தப்பா, புத்தகம் தப்பா என்று கேட்கிறார். கூடவே, நொதி மாத்திரைகள் வயிற்று அமிலத்தைத் தாண்டி எப்படிப் போகின்றன என்றும் ஒரு வரி. முதல் கேள்விக்கு அடியில் இருப்பது இதுதான் என்று நினைக்கிறேன்: உகந்த வெப்பநிலை, உகந்த பிஎச் (அமிலத்தன்மையின் அளவு) எல்லாம் கொதிநிலை மாதிரி ஒவ்வொரு நொதிக்கும் நிலையாக அமைந்த எண்களா? பிஎச் விஷயத்தில் ஓரளவு ஆமாம். வெப்பநிலை விஷயத்தில் இல்லை, அது எவ்வளவு நேரம் வைத்து அளக்கிறோம் என்பதையும் சேர்த்தே வரும் எண். நொதிகளின் வேகத்தை அளப்பதே பல வருடங்களாக என் வேலை என்பதால் இதை அடியிலிருந்து சொல்லிக்கொண்டு வருகிறேன், கொஞ்சம் நீளும்.

எந்த வேதிவினையும் நடக்க, மூலக்கூறுகள் நடுவில் ஒரு கஷ்டமான நிலையைத் தாண்டியாக வேண்டும். பழைய பிணைப்பு பாதி அறுந்து, புதியது பாதி உருவாகி, மின்சுமை எல்லாம் இடம் மாறி நிற்கும் அந்தக் கணநேர வடிவத்தை மாறுநிலை என்று வைத்துக்கொள்வோம். அதை எட்டத் தேவையான ஆற்றல்தான் கிளர்வு ஆற்றல். நொதி செய்வது அந்தத் தடையைக் குறைப்பது மட்டுமே. வினை கடைசியில் எந்தப் பக்கம் எவ்வளவு போய் நிற்கும் என்ற சமநிலையை அது தொடுவதே இல்லை, முன்னோக்கிய வினையையும் பின்னோக்கிய வினையையும் ஒரே மடங்கில் வேகப்படுத்துகிறது. நடக்கவே முடியாத வினையை எந்த நொதியாலும் நடத்த முடியாது. செல்லுக்குள் ஆற்றல் ஏற்றம் தேவைப்படும் வினைகள் நடக்கின்றனவே என்றால், அங்கே ஏடிபி என்ற ஆற்றல் சுமக்கும் மூலக்கூறு உடைவது போன்ற ஆற்றல் தரும் இன்னொரு வினையோடு அதை நொதி இணைத்துவிடுகிறது. கணக்கு மொத்தமாகத்தான் நேராகும்.

தடை கொஞ்சம் குறைந்தாலும் வேகம் எக்கச்சக்கமாக ஏறும் என்பதை இங்கே மனதில் வைக்க வேண்டும். 25 டிகிரியில் ஒரு மோலுக்குச் சுமார் 5.7 கிலோஜூல் குறைந்தாலே வேகம் 10 மடங்கு. ஒன்றிரண்டு ஹைட்ரஜன் பிணைப்புகள் சரியான இடத்தில் விழுந்தால் கிடைக்கிற அளவுதான் அது. இப்படிப் பல உதவிகள் ஒன்றோடொன்று பெருகுவதால் வரும் மொத்தம் நம்பமுடியாத அளவுக்குப் போகிறது. ஆர்என்ஏ கட்டத் தேவையான பொருளை உண்டாக்கும் ஓரோட்டிடின் மோனோபாஸ்பேட் டிகார்பாக்சிலேஸ் என்ற நொதி செய்யும் வினை, நொதி இல்லாமல் வெறும் தண்ணீரில் பாதி முடியவே சுமார் 7.8 கோடி ஆண்டுகள் ஆகும் என்று 1995-இல் கணக்கிட்டார்கள். நொதியின் பிடியில் அதற்கு ஒரு விநாடிகூட வேண்டாம். கார்பானிக் அன்ஹைட்ரேஸ் என்ற நொதியின் ஒரே மூலக்கூறு விநாடிக்குச் சுமார் 10 லட்சம் கார்பன் டை ஆக்சைடு மூலக்கூறுகளைக் கையாளும். எல்லா நொதியும் இப்படி என்று நினைத்துவிட வேண்டாம், பாக்டீரியாவின் சுவரை வெட்டும் லைசோசைம் இரண்டு விநாடிக்கு ஒரு வெட்டு என்ற கணக்கில்தான் போகும், அதன் வேலைக்கு அதுவே போதும்.

தடையை எப்படிக் குறைக்கிறது என்பதற்குப் பொதுவாகப் பேசுவதைவிட ஒரே ஒரு நொதியைக் கிட்டத்தில் பார்ப்பது நல்லது, பின்னால் வெப்பம், பிஎச், விஷம் எல்லாவற்றுக்கும் அதையே வைத்துப் பேசலாம். கைமோடிரிப்சின் என்ற செரிமான நொதியை எடுத்துக்கொள்வோம். புரதத்தை வெட்டுவது அதன் வேலை. புரதத்தில் அமினோ அமிலங்களைக் கோக்கும் பெப்டைடு பிணைப்பு சாதாரணத் தண்ணீரில் தானாக அறுபட நூற்றுக்கணக்கான ஆண்டுகள் எடுக்கும். கைமோடிரிப்சினின் கிளர்வு மையத்தில், அதாவது வினை நடக்கும் இடத்தில், ஒரு பள்ளம் இருக்கிறது, பினைலலனின், டைரோசின் மாதிரி வளையம் கொண்ட பெரிய அமினோ அமிலங்கள் அதில் போய் உட்காரும். அப்படி உட்கார்ந்ததும், வெட்டுப்பட வேண்டிய பிணைப்பு, நொதியின் சங்கிலியில் 195-ஆம் இடத்தில் உள்ள செரின் என்ற அமினோ அமிலத்துக்கு நேர் எதிரே வந்து நிற்கிறது.

சாதாரண செரின் அப்படியொன்றும் துடிப்பானது இல்லை. இங்கே அதன் பக்கத்தில் 57-ஆம் இடத்து ஹிஸ்டிடின் இருந்து அதன் புரோட்டானை வாங்கிக்கொள்கிறது, அந்த ஹிஸ்டிடினைச் சரியான கோணத்தில் 102-ஆம் இடத்து அஸ்பார்டேட் பிடித்து வைத்திருக்கிறது. புரோட்டானை விட்ட செரினின் ஆக்சிஜன் பெப்டைடு பிணைப்பின் கார்பனைத் தாக்குகிறது. அந்தக் கணத்தில் கார்பனோடு ஒட்டியிருந்த ஆக்சிஜன் மேல் எதிர்மின்சுமை ஏறும். வெறும் தண்ணீரில் வினை திணறும் இடம் இதுதான். நொதியிலோ அந்த ஆக்சிஜன் வந்து நிற்கப்போகும் இடத்தில் இரண்டு நைட்ரஜன்–ஹைட்ரஜன் தொகுதிகள் முன்கூட்டியே தயாராக இருந்து அதை ஏந்திக்கொள்கின்றன. பிணைப்பு அறுகிறது, ஒரு துண்டு போய்விடுகிறது, இன்னொரு துண்டு செரினோடு ஒட்டிக்கொண்டு நிற்கிறது. அப்புறம் ஒரு தண்ணீர் மூலக்கூறு வந்து அதே ஹிஸ்டிடின் உதவியோடு அந்த ஒட்டையும் அறுத்துவிட, நொதி பழையபடி ஆகி அடுத்த வெட்டுக்குத் தயார். எத்தனை தடவை படித்தாலும் எனக்கு இதில் வியப்பு குறைந்ததே இல்லை.

இதில் கவனிக்க வேண்டியது இரண்டு. ஒன்று, அந்த ஆக்சிஜனை ஏந்தும் ஏற்பாடு தளப்பொருளின், அதாவது நொதி மாற்றவேண்டிய பொருளின், சாதாரண வடிவத்துக்கு அவ்வளவு பொருந்தாது, மாறுநிலைக்குத்தான் மிக நன்றாகப் பொருந்தும். எமில் ஃபிஷர் 1894-இல் சொன்ன பூட்டும் சாவியும் உவமை பள்ளிப் பாடம் எல்லாவற்றிலும் இருக்கிறது. ஒரு நொதி ஏன் ஒரு பொருளை மட்டும் தேர்ந்தெடுக்கிறது என்பதற்கு அது நல்ல விளக்கம், வினை ஏன் வேகமாகிறது என்பதற்கு அது விளக்கமே இல்லை. தளப்பொருளைக் கச்சிதமாகக் கவ்விக்கொண்டு அப்படியே வைத்திருக்கும் புரதம் வினையை மெதுவாக்கத்தான் செய்யும். நொதி மாறுநிலையைத்தான் இறுக்கமாகப் பிடிக்கிறது என்ற கருத்தை 1940-களில் லினஸ் பாலிங் தெளிவாக எடுத்துச் சொன்னார். தளப்பொருள் வந்து சேரும்போது நொதியும் தன் வடிவத்தைக் கொஞ்சம் மாற்றிக்கொள்கிறது என்பதை 1958-இல் டேனியல் காஷ்லேண்ட் சேர்த்தார்.

இரண்டாவது, அந்த 57, 102, 195 என்ற எண்களைப் பாருங்கள். புரதச் சங்கிலியை நீட்டி வைத்தால் அந்த மூன்று அமினோ அமிலங்களும் ஒன்றுக்கொன்று வெகுதூரத்தில் இருப்பவை. சங்கிலி சரியாக மடிந்தால் மட்டுமே அவை ஒரே இடத்தில் கூடும். அதாவது கிளர்வு மையம் என்பது மடிப்பினால் உண்டாகும் ஓர் இடம். அந்த மடிப்பு ரொம்பவும் உறுதியானது என்று நினைத்துவிட வேண்டாம், ஒரு சராசரிப் புரதத்தின் மடிந்த நிலைக்கும் குலைந்த நிலைக்கும் இடையிலான ஆற்றல் வித்தியாசம் மோலுக்கு 20 முதல் 60 கிலோஜூல் அளவுதான். நூற்றுக்கணக்கான பலவீனமான ஈர்ப்புகள் ஒரு பக்கம், குலையத் துடிக்கும் சங்கிலி இன்னொரு பக்கம், மிச்சம் நிற்பது இந்தச் சின்ன வித்தியாசம்.

சரி, இப்போது வெப்பநிலைக்கு வரலாம். சூடு கூடும்போது ஒரே நேரத்தில் இரண்டு காரியம் நடக்கிறது. தடையைத் தாண்டும் அளவுக்கு ஆற்றல் உள்ள மூலக்கூறுகள் அதிகமாவதால் வினை வேகமாகிறது, பல நொதிகளில் 10 டிகிரிக்குக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. அதே நேரம் மடிப்பு குலைந்து நொதி செத்துக்கொண்டும் இருக்கிறது. இந்தக் குலைவுக்கு ஒரு வேகம் உண்டு என்பதைத்தான் பாடப்புத்தகங்கள் சொல்லாமல் விட்டுவிடுகின்றன. 50 டிகிரியில் வைத்ததும் எல்லா மூலக்கூறும் ஒரே நொடியில் கெட்டுப்போவதில்லை, நிமிடத்துக்கு இத்தனை பங்கு என்று குறைந்துகொண்டே போகும். அதனால் நீங்கள் முதல் ஒன்றிரண்டு நிமிடங்களுக்குள் அளந்தால் பெரும்பாலான நொதி இன்னும் உயிரோடு இருக்கும், வேகமும் இரண்டு மடங்குக்கு மேல் இருக்கும், 50 ஜெயித்துவிடும். அதே குழாய்களை ஒரு மணி நேரம் விட்டு மொத்தம் எவ்வளவு ஸ்டார்ச் உடைந்தது என்று பார்த்தால் முடிவு தலைகீழாகலாம், ஏனென்றால் 37-இல் இருந்தது ஒரு மணி நேரமும் வேலை செய்திருக்கும், 50-இல் இருந்தது பாதியிலேயே ஓய்ந்திருக்கும். ஆக, வெப்பநிலைக்கு எதிராக வரையும் அந்த மணி வடிவ வரைபடத்தின் உச்சி, அளக்கும் நேரம் கூடக்கூட இடது பக்கம் நகரும். எத்தனை நிமிடம் வைத்து அளந்தது என்று சொல்லாத உகந்த வெப்பநிலையைப் பார்த்தால் நான் அதை நம்புவதில்லை.

அப்படியானால் 37 எங்கிருந்து வந்தது? அது நம் உடலின் வெப்பநிலை. உடலுக்குள் ஒரு நொதி மூலக்கூறு நாள் கணக்கில்கூட வேலை செய்ய வேண்டியிருக்கும், அவ்வளவு நேரத்துக்கு மடிப்பு தாங்க வேண்டும் என்ற கணக்கில் 37-ஐச் சொல்வது நியாயம்தான். குறுகிய நேரச் சோதனையில் மனித நொதிகள் பலவும் 37-க்கு மேலேதான் உச்சம் காட்டும். வெந்நீர் ஊற்றுகளில் வாழும் பாக்டீரியாக்களின் நொதிகளோ வேறு உலகம். அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் வெந்நீர் ஊற்றிலிருந்து தாமஸ் பிராக் 1960-களில் பிரித்தெடுத்த தெர்மஸ் அக்வாட்டிகஸ் என்ற பாக்டீரியாவின் டிஎன்ஏ பாலிமரேஸ் (டிஎன்ஏ-வை நகலெடுக்கும் நொதி) 72 டிகிரி அருகில் ஜோராக ஓடும், 95 டிகிரியிலும் பாதி செயல்திறனை இழக்கச் சுமார் 40 நிமிடம் எடுக்கும். டிஎன்ஏ-வைப் பல மடங்காகப் பெருக்கும் பிசிஆர் சோதனை உலகம் முழுக்கப் பரவ அந்த நொதிதான் காரணம். அதை 37 டிகிரியில் வைத்தால் மந்தமாகிவிடும். சூட்டைத் தாங்கும் அளவுக்கு இறுகிக் கட்டப்பட்ட புரதம் குளிரில் போதுமான அளவு அசைய முடியாமல் போகிறது என்பது இதற்குச் சொல்லப்படும் வழக்கமான விளக்கம்.

குளிரில் நடப்பதையும் சூட்டில் நடப்பதையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறவர்கள் நிறையப் பேர். பனிக்கட்டியில் வைத்த நொதி பொதுவாகத் தூங்குகிறது, சூடேற்றினால் மறுபடி எழுந்துவிடும். கொதிக்க வைத்த நொதியை ஆறவைத்தால் பெரும்பாலும் திரும்பாது, குலைந்த சங்கிலிகள் ஒன்றோடொன்று பின்னித் திரண்டுவிடும். விதிவிலக்கும் உண்டு, அது ஆய்வகத்தில் பலரை அழவைக்கும் விதிவிலக்கு: ஆர்என்ஏ-வை வெட்டும் ரைபோநியூக்ளியேஸ் ஏ கொதிக்கவைத்தாலும் ஆறியதும் தானாகவே மடிந்து பழைய வேலைக்குத் திரும்பிவிடும். மடிவதற்கான முழுத் தகவலும் சங்கிலியின் வரிசையிலேயே இருக்கிறது என்பதை கிறிஸ்டியன் அன்ஃபின்சன் நிரூபித்தது இந்த நொதியை வைத்துத்தான், 1972-இல் நோபல் பரிசும் கிடைத்தது.

உங்கள் சோதனையில் இன்னொரு சிக்கல் ஒளிந்திருக்கலாம், இதை யாரும் சொல்லித் தருவதில்லை என்பதால் அழுத்தியே சொல்கிறேன். ஸ்டார்ச்சும் அயோடினும் சேர்ந்து தரும் நீலமே சூடேற ஏற வெளுக்கும். ஸ்டார்ச் சுருளுக்குள் நுழைந்திருக்கும் அயோடின் சூட்டில் வெளியே வந்துவிடுவதுதான் காரணம், ஆறினால் நீலம் திரும்பிவிடும். நொதியே போடாத குழாயில்கூட இது நடக்கும். அயோடினை நேராகச் சூடான குழாயிலேயே ஊற்றி வைத்து நிறம் போகும் நேரத்தைக் கணக்கிட்டிருந்தால், 50 டிகிரியில் நீங்கள் பார்த்த வேகத்தில் ஒரு பங்கு நொதியுடையது இல்லை. அதற்குப் பதிலாக, அயோடினை வெள்ளைப் பீங்கான் தட்டின் குழிகளில் துளித் துளியாக எடுத்துவைத்து, அரை நிமிடத்துக்கு ஒருமுறை குழாயிலிருந்து ஒரு துளியை அங்கே விட்டு ஆறிய பின் நிறம் பாருங்கள். முதலில் கருநீலம், பிறகு ஊதா, பிறகு செம்பழுப்பு, கடைசியில் அயோடினின் சொந்த மஞ்சள் மட்டும் நிற்கும், நடுவில் வரும் அந்தச் செம்பழுப்பு ஸ்டார்ச் முழுதாகச் சர்க்கரையாகாமல் டெக்ஸ்ட்ரின் என்ற நடுத்துண்டுகளாக நிற்பதைக் காட்டுகிறது. ஒவ்வொரு வெப்பநிலைக்கும் நொதி போடாத ஒரு குழாய் கட்டாயம் வேண்டும். ஸ்டார்ச்சைத் தனியாகவும் உமிழ்நீரைத் தனியாகவும் அதே வெப்பநிலைக்குக் கொண்டுவந்த பிறகு கலக்க வேண்டும், ஆனால் உமிழ்நீரை 50-இல் வெகுநேரம் காக்கவைக்கக் கூடாது, கலக்கும் முன்பே ஒரு பகுதி போய்விடும்.

உமிழ்நீரை வெறும் வாலைவடிநீரால் நீர்த்திருந்தால் அதுவும் முடிவைப் பாதிக்கும். இந்த அமைலேஸுக்குக் குளோரைடு அயனி தேவை, அது இல்லாவிட்டால் வேகம் வெகுவாக விழும். கால்சியம் அயனி அதன் மடிப்பைத் தாங்கிப் பிடிக்கிறது. கொஞ்சம் சோடியம் குளோரைடு கலந்த பஃபரில் (பிஎச் மாறாமல் பிடித்துவைக்கும் கரைசலில்) செய்தால் குழாய்க்குக் குழாய் வித்தியாசம் குறையும். இப்படி நொதிக்குப் புரதமல்லாத துணை தேவைப்படுவது சகஜம். கார்பானிக் அன்ஹைட்ரேஸின் நடுவில் துத்தநாக அயனி இருக்கிறது. நயாசின் என்ற வைட்டமினிலிருந்து வரும் இணைநொதி பல ஆக்சிஜனேற்ற வினைகளில் எலெக்ட்ரான்களைச் சுமக்கிறது. வைட்டமின்கள் ஏன் இவ்வளவு சின்ன அளவில் போதும் என்பதற்கும் பெரும்பாலும் இதுவே விடை, இணைநொதி திரும்பத் திரும்பப் பயன்படுகிறது.

பிஎச் பற்றிக் கேட்கவில்லை, ஆனால் வெப்பத்தோடு ஒப்பிட்டால்தான் வேறுபாடு புரியும். கைமோடிரிப்சினின் அந்த 57-ஆம் இடத்து ஹிஸ்டிடின் செரினிடமிருந்து புரோட்டானை வாங்க வேண்டும் என்று சொன்னேன் அல்லவா, கரைசலில் அமிலம் கூடி அது ஏற்கெனவே புரோட்டானோடு இருந்தால் எதை வாங்கும்? பிஎச் 7-க்குக் கீழே இறங்க இறங்க அதனால்தான் அதன் வேகம் விழுகிறது, 8 அருகில் நன்றாக இருக்கிறது. இங்கே மடிப்பு குலையவே இல்லை, ஒரே ஒரு அமினோ அமிலத்தின் மின்சுமை மாறியிருக்கிறது, பிஎச்-ஐத் திருப்பினால் வேகமும் திரும்பிவிடும். அதனால் இந்த எண் கிளர்வு மையத்தின் அமைப்போடு நேராகத் தொடர்புடையது, அளக்கும் நேரத்தை அவ்வளவாகச் சார்ந்ததல்ல. எல்லை மீறிப் போனால் கதை வேறு, மின்சுமைகள் ஒட்டுமொத்தமாக மாறி மடிப்பே அவிழும். இரைப்பையில் புரதத்தை வெட்டும் பெப்சின் பிஎச் 2 பக்கம் நன்றாக ஓடும், நடுநிலையைத் தாண்டிக் காரத்துக்குப் போனால் நிரந்தரமாகக் கெட்டுவிடும். வெப்பநிலைச் சோதனை செய்கிறவர்கள் பஃபரையும் கவனிக்க வேண்டும்: டிரிஸ் பஃபரின் பிஎச் ஒரு டிகிரிக்குச் சுமார் 0.03 வீதம் குறையும், 25-இலிருந்து 50-க்குப் போனால் 0.7 அளவு. வெப்பத்தின் விளைவு என்று எழுதிவைத்ததில் ஒரு பங்கு பிஎச்-இன் விளைவாக இருக்கலாம். பாஸ்பேட் பஃபர் இந்த விஷயத்தில் எவ்வளவோ மேல்.

தளப்பொருளின் அளவைக் கூட்டினால் வேகம் முதலில் நேராக ஏறும், பிறகு தளர்ந்து ஒரு உச்சத்தை நெருங்கி நிற்கும், ஏனென்றால் எல்லா நொதி மூலக்கூறும் எந்நேரமும் வேலையில் இருக்கும்போது மேலே கொட்டுவதில் பயனில்லை. 1913-இல் லியோனார் மிக்கேலிஸும் மாட் மென்டனும் இதற்குக் கொடுத்த சமன்பாட்டைத்தான் இன்றும் தினமும் பயன்படுத்துகிறோம். உச்ச வேகத்தின் பாதியை எட்டத் தேவையான தளப்பொருள் அளவை மிக்கேலிஸ் மாறிலி என்பார்கள். அது காய்ந்த எண்ணாகத் தோன்றும், உடலுக்குள் அதற்குப் பெரிய பொருள் உண்டு. நம் பெரும்பாலான திசுக்களில் குளுக்கோஸைப் பிடித்துவைக்கும் ஹெக்சோகைனேஸுக்கு இந்த அளவு 0.1 மில்லிமோலார் (கரைசலின் செறிவைச் சொல்லும் அலகு) பக்கம். இரத்தத்தில் குளுக்கோஸ் 5 மில்லிமோலார் அளவில் இருப்பதால் அது எப்போதும் நிறைந்த நிலைக்குப் பக்கத்தில், சர்க்கரை ஏறினாலும் இறங்கினாலும் கவலைப்படாமல் இயங்கும். கல்லீரலிலும் கணையத்தின் பீட்டா செல்களிலும் உள்ள குளுக்கோகைனேஸுக்கோ அது சுமார் 8 மில்லிமோலார், அதனால் இரத்தச் சர்க்கரை ஏற ஏற அதன் வேகமும் ஏறும். ஒரே வினை, இரண்டு நொதி, எண் மட்டும் வேறு. அந்த வேறுபாட்டை வைத்துத்தான் கணையம் சர்க்கரை ஏறியதை உணர்ந்து இன்சுலினை விடுகிறது.

தடுப்பான்களைப் பற்றி விரித்தால் இன்னொரு பதில் அளவுக்குப் போகும், எனவே வேகமாக. சில தடுப்பான்கள் தளப்பொருளோடு போட்டி போட்டு அதே இடத்தில் உட்காரும், தளப்பொருளைக் கூட்டினால் விலகும். மெத்தனால் குடித்துவிட்டவருக்கு மருத்துவமனையில் எத்தனால் கொடுப்பது இந்த அடிப்படையில்தான், ஆல்கஹால் டிஹைட்ரஜனேஸ் எத்தனாலிடம் மும்முரமாக இருக்கும்போது மெத்தனால் நச்சுப்பொருளாக மாறாமல் மெல்ல வெளியேறிவிடும். இதற்கென்றே ஃபோமெபிசோல் என்ற தடுப்பானும் இருக்கிறது. சில தடுப்பான்கள் நிரந்தரமாக ஒட்டிவிடும். ஆஸ்பிரின் சைக்ளோஆக்சிஜனேஸ் நொதியின் ஒரு செரினில் அசெட்டைல் தொகுதியை ஒட்டிவிடுகிறது. இரத்தத் தட்டணுக்களுக்கு உட்கரு இல்லாததால் கெட்ட நொதிக்குப் பதில் புதியது செய்ய முடியாது, அதனால் ஒரு மாத்திரையின் விளைவு அந்தத் தட்டணுவின் மிச்ச ஆயுள் முழுக்க நிற்கிறது. ஆர்கனோபாஸ்பேட் பூச்சிக்கொல்லிகள் நரம்பின் அசெட்டைல்கோலினெஸ்டரேஸ் என்ற நொதியில் உள்ள செரினைப் பிடித்துக்கொள்கின்றன. மேலே கைமோடிரிப்சினில் பார்த்த அதே வகைச் செரின், அதே வகை ஹிஸ்டிடின் உதவி. வினைக்காகத் துடிப்பாக்கிய அந்த ஆக்சிஜன்தான் விஷத்துக்கும் இலக்காகிறது.

செல் தன் நொதிகளைத் தானே அடக்கவும் கிளப்பவும் செய்கிறது. கிளர்வு மையத்துக்கு வெகு தள்ளி வேறொரு இடத்தில் ஒரு சிறு மூலக்கூறு வந்து ஒட்டினால் மொத்த வடிவமும் நகர்ந்து வேகம் மாறும். குளுக்கோஸை உடைக்கும் பாதையில் உள்ள பாஸ்போபிரக்டோகைனேஸை, ஏடிபி ஏராளமாக இருக்கும்போது ஏடிபியே அடக்குகிறது. பாஸ்பேட் தொகுதியை ஒட்டுவதும் எடுப்பதும் இன்னொரு வழி. டிரிப்சின் போன்ற செரிமான நொதிகளைக் கணையம் செயலற்ற வடிவத்தில்தான் தயாரிக்கிறது, சிறுகுடலுக்கு வந்த பிறகு ஒரு துண்டு வெட்டப்பட்டதும்தான் வேலை தொடங்கும். இல்லாவிட்டால் கணையம் தன்னையே செரித்துவிடும், கடுமையான கணைய அழற்சியில் நடப்பது கிட்டத்தட்ட அதுதான்.

இதுவரை சொன்னவற்றில் எது உறுதி, எது விவாதத்தில் இருக்கிறது என்பதையும் பிரித்துச் சொல்வது நேர்மை. சமநிலையை மாற்றாது, தடையைக் குறைக்கும், மாறுநிலையை இறுகப் பிடிக்கும் என்பதில் சந்தேகமே இல்லை. எல்லா நொதியும் புரதம் இல்லை என்பதும் உறுதி, 1980-களில் தாமஸ் செக்கும் சிட்னி ஆல்ட்மனும் ஆர்என்ஏ-வும் வினையூக்கியாக இயங்கும் என்று காட்டி 1989-இல் நோபல் பெற்றார்கள். விவாதம் இருப்பது பங்கு பிரிப்பதில்தான். முன்கூட்டியே சரியான மின்சூழலை அமைத்து வைத்திருப்பதே வேகத்தின் பெரும்பகுதிக்குக் காரணம் என்பது ஒரு தரப்பு, புரதத்தின் அதிவேக அசைவுகளும் வினையை நேரடியாகத் தள்ளிவிடுகின்றன என்பது இன்னொரு தரப்பு. நான் படித்த வரையில் முதல் தரப்பின் சான்றுகளே கனமாகத் தெரிகின்றன. ஹைட்ரஜன் சில நொதிகளில் தடையைத் தாண்டாமல் குவாண்டம் முறையில் ஊடுருவிப் போகிறது என்பது சோதனையில் தெளிவாகத் தெரிந்த விஷயம். நொதியின் வேகத்துக்கு அது தனி அனுகூலமா என்றால், அதே ஊடுருவல் நொதி இல்லாத வினையிலும் நடக்கலாம் என்பதால் அங்கே ஒருமித்த கருத்து இல்லை. வெப்பநிலையிலும் ஒரு திருத்தம் சொல்ல வேண்டும்: சில நொதிகளில் மடிப்பு குலைவதற்கு முன்பே, நிமிடங்கள் கழிவதற்கு முன்பே வேகம் வளைந்து இறங்குகிறது. அப்படிப்பட்டவற்றில் உகந்த வெப்பநிலையின் ஒரு பகுதி நிஜமாகவே நொதியின் சொந்தக் குணம். காரணத்துக்கு ஒன்றுக்கு மேற்பட்ட விளக்கங்கள் போட்டியில் இருக்கின்றன.

இன்னொரு எல்லை, நாம் அளப்பதெல்லாம் நீர்த்த கரைசலில். செல்லின் உள்ளே ஒரு மில்லிலிட்டரில் 200 முதல் 300 மில்லிகிராம் பெரிய மூலக்கூறுகள் நெருக்கியடித்துக்கொண்டிருக்கும். அந்த நெரிசலில் மடிப்பு சற்று உறுதிப்படலாம், நகர்வு தடைப்படலாம், எந்த அளவுக்கு என்பது நொதிக்கு நொதி மாறும். குழாயில் வந்த எண்ணை அப்படியே உடலுக்குள் தூக்கிப் போடக் கூடாது.

மாத்திரைக் கேள்விக்கு வருகிறேன். மேலே சொன்ன பிஎச் விஷயம் தெரிந்தால் பதில் எளிது. கணையம் போதுமான நொதி சுரக்காதவர்களுக்கு மருத்துவர்கள் கொடுக்கும் மாத்திரைகளில் கொழுப்பை உடைக்கும் லைப்பேஸ், அமைலேஸ், புரதம் வெட்டும் நொதிகள் மூன்றும் இருக்கும். லைப்பேஸ் பிஎச் 4-க்குக் கீழே நிரந்தரமாகக் கெட்டுவிடும். அதனால் அவற்றைச் சிறு மணிகளாக்கி, அமிலத்தில் கரையாத, பிஎச் சுமார் 5.5-ஐத் தாண்டினால் மட்டும் கரையும் பூச்சு பூசுகிறார்கள். இரைப்பையைத் தாண்டிச் சிறுகுடலுக்கு வந்ததும் பூச்சு கரைந்து நொதி வெளியே வரும். மணிகளை மெல்லாதீர்கள் என்று சொல்வது இதற்காகத்தான். ஆனால் சிறுகுடலே அமிலமாக இருக்கும் சிலருக்குப் பூச்சு நேரத்துக்குக் கரையாது, அப்போது அமிலச் சுரப்பைக் குறைக்கும் மருந்தையும் சேர்த்துத் தருவார்கள். அந்த முடிவை எடுக்க வேண்டியவர் மருத்துவர், நான் நொதியின் பக்கத்தை மட்டும்தான் சொல்ல முடியும். கணையம் நன்றாக இயங்கும் ஒருவர் பொதுவான புத்துணர்ச்சிக்கென்று இதையெல்லாம் வாங்கிச் சாப்பிடுவதற்கு நொதி வேதியியலில் எந்த நியாயமும் எனக்குத் தெரியவில்லை, பூச்சு இல்லாமல் விற்கும் பல நொதிகள் இரைப்பையில் பெப்சினுக்கு இன்னொரு சாதாரணப் புரதமாகத்தான் போய்ச் சேரும்.